ஜப்பானியப் படைவாள்

ஜப்பானியப் படைவாள் (ஜப்பானிய மொழியில் குன்தோ) என்பது 1870கள் முதல் 1945 வரை ஜப்பானியப் பேரரசின் தரைப்படையினரும் கடற்படையினரும் சீருடையின் ஒரு பகுதியாக அணிந்த வாள் ஆகும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் தென்கிழக்கு ஆசியாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகளிடமிருந்து இத்தகைய வாள்கள் பெருமளவில் பெறப்பட்டன. அவற்றுட் சில இந்தியப் படையினர் வழியாக இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தன.

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் காணப்படும் இரு படைவாள்களுள் ஒன்றின் உள்ளே 1940களில் எந்திரத்தால் செய்யப்பட்ட அலகும், மற்றொன்றின் உள்ளே பல நூற்றாண்டுகள் பழமையான கையடி அலகும் இருக்கக்கூடும். இவற்றை வேறுபடுத்தும் முதன்மைச் சான்று கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் துருவேறிய அடிப்பகுதியே. அந்தத் துருவை நீக்கினால் வாளின் வரலாறும் பெருமளவில் நீங்கிவிடும். ஆகையால் இவ்வகை வாள்களைப் பொறுத்தவரை முதலில் அடையாளம் காண்பதும், அதன் பின்னரே தூய்மை செய்வது பற்றி முடிவு செய்வதும் முறையாகும்.

வரலாறு

மெய்சி மறுமலர்ச்சிக்குப் பின்னர் 1876 ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று வெளியிடப்பட்ட வாள் தடை ஆணையின்படி, சாமுராய்கள் பொது இடங்களில் வாள் அணியும் உரிமையை இழந்தனர். படையினர், காவலர் முதலியோர் மட்டுமே சீருடையுடன் வாள் அணியலாம் எனக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய படைக்கு ஐரோப்பியக் குதிரைப்படை வாளின் வடிவம் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. கைவிரல்களை மூடும் வளைந்த உலோகக் காப்பு கொண்ட இவ்வகை வாள்கள் கியூ குன்தோ (பழைய படைவாள்) எனப்படுகின்றன.

1930களில் தேசியவாத உணர்வு ஓங்கியபோது மரபுவழி ஜப்பானிய வாளின் வடிவம் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1934 இல் தரைப்படை அதிகாரிகளுக்கான புதிய வடிவம் ஏற்கப்பட்டது. இது சின் குன்தோ (புதிய படைவாள்) எனப்படும். போர் விரிவடைந்து அதிகாரிகளின் எண்ணிக்கை பெருகியதால் வாளின் தேவையும் பெருகியது. கிஃபு மாநிலத்தில் உள்ள செகி நகரம் இவ்வாள்களின் முதன்மை உற்பத்தி மையமாக விளங்கியது. அதிகாரிகள் தமது வாளைத் தாமே விலைக்கு வாங்கினர். தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகைப் படைவாளுக்குரிய பிடியிலும் உறையிலும் பொருத்தி அணிந்தோரும் உண்டு. பழைய அலகுகள் படைவாளின் உள்ளே காணப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

போருக்குப் பின்னர் ஜப்பானில் நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படையினர் வாள்களைப் பறிமுதல் செய்தனர். பெருந்தொகையானவை அழிக்கப்பட்டன. டோக்கியோவின் அகாபானே பகுதியில் குவிக்கப்பட்டவற்றுள் கலை மதிப்புடைய சுமார் 5,000 வாள்கள் பிரித்தெடுக்கப்பட்டு டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இவை அகாபானே வாள்கள் என அழைக்கப்படுகின்றன. வாட்கலையைப் பாதுகாக்கும் நோக்குடன் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1948 இல் தோற்றுவிக்கப்பட்டது.

இந்தியத் தொடர்பு

1944 ஆம் ஆண்டு மார்ச் முதல் சூலை வரை இம்பாலிலும், ஏப்ரல் முதல் சூன் வரை கோகிமாவிலும் நடைபெற்ற சமர்களில் ஜப்பானியப் படை முறியடிக்கப்பட்டது. இச்சமர்களிலும், தொடர்ந்து பர்மாவை மீட்கும் போரிலும் ஈடுபட்ட 14 ஆவது படையின் பெரும்பகுதியினர் இந்திய வீரர்கள் ஆவர். மதராஸ் படைப்பிரிவின் படையணிகளும் பர்மாப் போர்முனையில் பங்கேற்றன. இப்படைப்பிரிவின் தலைமையகம் இன்று நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது.

1945 இல் ஜப்பான் சரணடைந்தபோது, வாளை ஒப்படைக்கும் பழைய சடங்கை வலியுறுத்த வேண்டாம் என்பது அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் கருத்தாக இருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் தரைப்படைகளுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் சிலிம் இதனை ஏற்கவில்லை. ஜப்பானிய அதிகாரிகள் தம் படையினர் முன்னிலையில் வாளை ஒப்படைக்க வேண்டும் என அவர் பணித்தார். தாம் தோற்கடிக்கப்படவில்லை என்று பின்னாளில் எவரும் கூற இடமிருக்கக் கூடாது என்பது அவரது எண்ணம். இம்முடிவின் விளைவாகவே இப்பகுதியில் சரணடைந்த வாள்கள் எண்ணிக்கையில் மிகுந்தன.

- சிங்கப்பூரில் 1945 செப்டம்பர் 12 அன்று நடைபெற்ற சரணடைவு நிகழ்வில் ஜப்பானின் சார்பில் இதாகாகி செய்சிரோ கையெழுத்திட்டார்.
- அந்தமான் தீவுகளில் 1945 அக்டோபரில் போர்ட் பிளேரின் சிம்கானா திடலில் துணை அட்மிரல் அரா தெய்சோ, 116 ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேடின் தளபதி சாலமன்சிடம் சரணடைந்தார்.
- தென்திசைப் படைகளின் தலைமைத் தளபதி தெராவுச்சி, 1945 நவம்பர் 30 அன்று சைகோனில் தம் குடும்பத்தின் பழைய வாள்களை மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் உள்ளது.
- பர்மாவில் ஜப்பானியப் படைக்குத் தலைமை வகித்த கிமுராவின் வாள் சிலிமிடம் சென்றது.

தமிழரைப் பொறுத்தவரை இவ்வாள் வெறும் போர் நினைவுப் பொருளன்று. 1942-43 இல் அமைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். அதே காலத்தில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து ஜப்பானியருடன் இணைந்தும் நின்றனர். ஆகவே ஒரு வாள் எங்கு, எவரிடமிருந்து, எப்போது பெறப்பட்டது என்னும் செய்தி அதன் அலகைப் போன்றே பாதுகாக்கப்பட வேண்டியதாகும். குடும்பத்தினர் கூறும் வாய்மொழிச் செய்தி, கடிதம், படைப்பணிச் சான்று, நிழற்படம் ஆகியவற்றை வாளுடன் சேர்த்து வைத்தல் நன்று.

வகைகள்

ஜப்பானியப் படைக்கருவிகளின் வகை எண் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். கி.மு. 660 இல் தொடங்கும் ஜப்பானியப் பேரரசு ஆண்டுமுறையில் 1934 என்பது 2594 ஆகும். அதன் இறுதி இரு இலக்கங்களே 94 என்னும் வகை எண்ணைத் தந்தன.

- வகை 32: மெய்சி காலத்தின் 32 ஆம் ஆண்டில் (1899) ஏற்கப்பட்ட குதிரைப்படை வாள். எந்திரத்தால் செய்யப்பட்டது.
- வகை 94 (1934): தரைப்படை அதிகாரிகளுக்குரியது. உறையில் தொங்குவளையங்கள் இரண்டு. உலோகப் பாகங்களில் செர்ரி மலர் வடிவம் காணப்படும்.
- வகை 95 (1935): அதிகாரி தரத்துக்குக் கீழ்ப்பட்ட படைத்தலைவர்களுக்கு அரசே வழங்கியது. பிடி உலோகத்தில் வார்க்கப்பட்டு, நாடா சுற்றியது போல் வண்ணம் பூசப்பட்டிருக்கும். முதலில் செம்பும் பின்னர் அலுமினியமும் பயன்பட்டன. போரின் இறுதியில் மரப்பிடி வந்தது. அலகில் தொடரெண் பொறிக்கப்பட்டிருக்கும்.
- வகை 97 (1937): கடற்படை அதிகாரிகளுக்குரியது. உறை பெரும்பாலும் கருமையாக இருக்கும். பொன் பூச்சுள்ள பாகங்களும் இரு தொங்குவளையங்களும் உண்டு. கடற்காற்றைத் தாங்கும் பொருட்டுத் துருப்பிடிக்காத எஃகு அலகுகளும் இதில் பயன்பட்டன.
- வகை 98 (1938): வகை 94 ஐ எளிமையாக்கிய வடிவம். தொங்குவளையம் ஒன்று மட்டுமே. இன்று மிகுதியாகக் காணப்படுவது இதுவே.
- வகை 3: போரின் பிற்பகுதிக்குரியது. அலங்காரமற்ற இரும்புப் பாகங்களும், அரக்குப் பூசிய பிடிச்சுற்றும், பெரும்பாலும் இரண்டு ஆணிகளும் கொண்டது.

அடையாளம் காணல்

வெளிப்பாகங்கள்

பிடி, கைக்காப்பு, உறை, குஞ்சம் ஆகியவை வாள் அணிந்தவரின் படையையும் தரத்தையும் காட்டும். தரைப்படையில் பழுப்பும் நீலமும் கலந்த குஞ்சம் இளநிலை அதிகாரிகளுக்கும், பழுப்பும் சிவப்பும் கலந்தது மேஜர் முதல் கர்னல் வரையிலானோருக்கும், இவற்றுடன் பொன்னிறம் சேர்ந்தது தளபதிகளுக்கும் உரியது. முழுப் பழுப்பு நிறமானது அதிகாரி தரத்துக்குக் கீழ்ப்பட்டோருக்குரியது. பிடியின் முனைக்குமிழில் சிறு குடும்பச் சின்னம் பதிக்கப்பட்டிருப்பின் அதுவும் குறித்துக்கொள்ளத்தக்கது. எனினும் குஞ்சமும் உறையும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் இவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

பிடியைக் கழற்றுதல்

அதிகாரிகளின் வாளில் பிடியும் அலகும் மெகுகி எனப்படும் சிறு மூங்கில் ஆணியால் இணைக்கப்பட்டிருக்கும். இவ்வாணி ஒரு புறம் பருத்தும் மறு புறம் சிறுத்தும் இருக்கும். சிறுத்த புறத்திலிருந்து மரக்குச்சியை வைத்து மெல்லத் தட்டினால் வெளியேறும். கழற்றும் பாகங்களின் வரிசையை நிழற்படம் எடுத்து வைத்தல் வேண்டும். கைக்காப்பின் இருபுறமும் உள்ள தகடுகளில் ஒரே எண் பொறிக்கப்பட்டிருப்பின், அவை ஒரே வாளுக்கெனப் பொருத்தப்பட்டவை எனக் கொள்ளலாம். வகை 95 இல் ஆணிக்குப் பதிலாகத் திருகாணி இருக்கும். பிடி இறுகியிருப்பின் வலிந்து இழுக்கக் கூடாது. பழைய மரப்பிடி எளிதில் பிளந்துவிடும்.

அடிப்பகுதி

பிடிக்குள் செருகப்படும் பகுதி நக்காகோ எனப்படும். இதனைக் கொல்லர்கள் வேண்டுமென்றே மெருகேற்றாமல் விடுவர். காலப்போக்கில் படியும் துருவின் நிறமும் தன்மையும் அலகின் வயதை மதிப்பிட உதவுகின்றன. சில நூற்றாண்டுகள் கடந்த அலகில் இப்பகுதி சீரான கரும்பழுப்பு நிறத்துடன் வழவழப்பாக இருக்கும். போர்க்கால அலகில் உலோகச் சாம்பல் நிறமோ இளஞ்செந்துருவோ காணப்படும். அரத்தால் இழைத்த கோடுகளும் கூர்மையாகத் தெரியும்.

இங்கு நோக்க வேண்டியவை:

- துளைகள்: ஒன்றுக்கு மேற்பட்ட ஆணித்துளைகள் இருப்பின், அலகு பல பிடிகளில் பொருத்தப்பட்ட பழைய அலகாகவோ, நீளம் குறைக்கப்பட்டதாகவோ இருக்கலாம். வகை 3 வாளுக்கு இரு துளைகள் இயல்பு என்பதையும் கருத வேண்டும்.
- கொல்லரின் பெயர்: உளியால் வெட்டப்பட்டிருக்கும். புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பிறர் பொறிப்பது பல நூற்றாண்டுகளாக நிலவும் வழக்கம். ஆகையால் பெயர் மட்டும் சான்றாகாது. பெயரின்றியும் சிறந்த அலகுகள் உண்டு.
- ஆண்டு: ஷோவா ஆண்டுடன் 1925 ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். ஷோவா 17 என்பது 1942 ஆகும். மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு எனக் காணப்படுவது மரபு பற்றியதேயன்றி உண்மையில் அம்மாதத்தில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றன்று.
- முத்திரைகள்: ஷோவா, செகி ஆகிய எழுத்து முத்திரைகள் பெரும்பாலும் மரபு முறையில் செய்யப்படாத போர்க்கால அலகைக் குறிக்கும். நங்கூர முத்திரை கடற்படைக்குரியது. நட்சத்திர முத்திரை, தரைப்படையால் ஏற்கப்பட்ட கொல்லர்கள் மரபு முறையில் செய்த அலகைக் குறிக்கும்.

எழுத்துகள் தெளிவற்றிருப்பின், ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழச் செய்து நிழற்படம் எடுத்தால் அவை புலப்படும். சுண்ணாம்பு தேய்த்தோ, கம்பித் தூரிகையால் சுரண்டியோ எழுத்தை வெளிக்கொணர முயலக் கூடாது.

அலகு

மரபு முறையில் அலகு செய்யும் கொல்லர், ஆற்று மணலிலிருந்து பெற்ற இரும்புத்தாதுவைக் கரியுடன் ததாரா எனும் உலையில் இட்டுப் பெறும் தமகாகனே என்ற எஃகைப் பலமுறை மடித்து அடிப்பார். பின்னர் களிமண் பூச்சிட்டு, பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்ப்பார். களிமண் மெல்லிதாகப் பூசப்பட்ட வெட்டுவாய் விரைந்து குளிர்ந்து கடினமாகிறது. தடித்த பூச்சுள்ள முதுகுப்பகுதி மெல்லக் குளிர்ந்து நெகிழ்வுடன் இருக்கிறது. இவ்விரு பகுதிகளுக்கும் இடையே தோன்றும் வெண்ணிறக் கோடு அமோன் எனப்படுகிறது. நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று கூறும் செயலின் தடமாகையால் இதனைத் தோய்ச்சல் வரி எனலாம்.

போர்க்கால அலகுகள் பலவும் ஆலை எஃகில் செய்யப்பட்டு எண்ணெயில் தோய்க்கப்பட்டவை. எண்ணெய் மெல்லக் குளிர்விப்பதால் அலகு வெடிக்கும் இடர் குறைவு. ஆனால் நீரில் தோய்த்த அலகில் காணப்படும் மின்னும் நுண்மணிகள் இதில் அரிது. மடிப்பு ரேகைகளும் இரா. தெற்கு மஞ்சூரிய இரயில்வே நிறுவனத்தின் தாலியன் ஆலையில் செய்யப்பட்ட மன்தெத்சு அலகுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தனிவகை ஆகும். டோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் 1933 இல் நிறுவப்பட்ட பட்டறையில் 1945 வரை சுமார் 8,100 வாள்கள் மரபு முறையில் செய்யப்பட்டன. ஆகவே போர்க்கால வாள் அனைத்தும் மதிப்பற்றவை எனக் கொள்வது தவறு.

கொங்கு நாட்டு உருக்குடன் ஒப்பீடு

திருப்பூர் வழியாகப் பாயும் நொய்யல் ஆற்றின் கரையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்யப் பயன்பட்ட மூசைகளும் கண்டறியப்பட்டன. தென்னிந்திய உருக்கு மூடிய மூசைக்குள் முழுவதும் உருகிக் கட்டியாக உறைந்தது. ஜப்பானிய எஃகோ முழுமையாக உருகாமல் பெறப்பட்டு, மடித்து அடிப்பதால் சீராக்கப்பட்டது. முன்னதில் செய்த வாளின் மேற்பரப்பில் நீரலை போன்ற வடிவம் எஃகின் உள்ளமைப்பிலிருந்தே தோன்றும். பின்னதில் மர ரேகை போன்ற வடிவம் மடிப்புகளிலிருந்து தோன்றும். வீட்டில் உள்ள பழைய வாள் எந்நாட்டது என்னும் ஐயம் எழும்போது இவ்வேறுபாடு உதவும்.

போலிகள்

பிற்காலத்தில் விற்பனைக்கெனச் செய்யப்பட்ட போலிப் படைவாள்கள் மிகுதி. தோய்ச்சல் வரி அமிலத்தால் அரிக்கப்பட்டோ, சக்கரத்தில் தேய்த்தோ வரையப்பட்டிருத்தல், அடிப்பகுதியில் செயற்கைத் துரு, பிடியில் திருக்கை மீன் தோலுக்குப் பதிலாக நெகிழி, ஒழுங்கற்ற நாடாச் சுற்று, மங்கலாக வார்க்கப்பட்ட மலர் வடிவங்கள் ஆகியவை போலியின் அடையாளங்கள் ஆகும்.

பாதுகாப்பும் மீட்டெடுப்பும்

செய்யத் தகாதவை

- அடிப்பகுதியின் துருவை எவ்வகையிலும் நீக்குதல்.
- அலகை உப்புத்தாள், அரம், சாணைக்கல், பஃபிங் சக்கரம் ஆகியவற்றால் தேய்த்தல். பட்டறைகளில் சில நிமிடங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பைப் பெறலாம். ஆனால் அலகின் விளிம்புக் கோடுகள் மழுங்கி, தோய்ச்சல் வரியும் மறைந்துவிடும். சக்கரத்தின் சூட்டில் வெட்டுவாயின் கடினத்தன்மையும் கெடும்.
- பித்தளைப் பாகங்களைப் புளி, எலுமிச்சை, மெருகுப் பசை ஆகியவற்றால் துலக்குதல்.
- அலகை வெறுங்கையால் தொடுதல். வியர்வையின் உப்பு விரல்ரேகை வடிவிலேயே துருவை உண்டாக்கும்.
- தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பூசுதல். இவை காற்றுப்பட்டுப் பிசுபிசுப்பாக இறுகிவிடும்.

செய்யத் தக்கவை

பழைய எண்ணெயைத் தூய மென்துணியால் முதுகுப்புறமிருந்து அடிமுதல் நுனி நோக்கி ஒரே திசையில் துடைத்து, புதிய எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுதல் போதுமானது. ஜப்பானில் பயன்படும் சோஜி எண்ணெய் என்பது சிறிதளவு கிராம்பு மணம் சேர்த்த இலகு கனிம எண்ணெயே. மருந்துக்கடைகளில் கிடைக்கும் தனிக் கிராம்பு எண்ணெய் அதற்கு ஈடாகாது. கலப்பற்ற தையல் எந்திர எண்ணெயைப் பயன்படுத்தலாம். ஆனால் பின்னலாடை ஆலைகளில் துணியிலிருந்து எளிதில் கழுவிப் போகும்படி பால்மமாக்கிகள் சேர்த்து விற்கப்படும் எந்திர எண்ணெய்கள் துருக்காப்புக்கு ஏற்றவையல்ல. அவ்வாறே எந்திரம் துடைக்கும் பனியன் கழிவுத் துணியில் சாயமும் உலோகத் துகளும் இருக்கக்கூடும். சாயமிடாத புதிய பருத்தித் துணியே ஏற்றது.

வாளை உறையுடன் கிடைமட்டமாக, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். தோல் உறை ஈரத்தைத் தேக்கும் என்பதால் அதனைத் தனியே வைப்பது நன்று. ஆடைப் பெட்டிகளில் இடப்படும் சிலிக்கா ஜெல் பைகள் பேழைக்குள் ஈரத்தைக் குறைக்கும். ஆயினும் மிகை உலர்ச்சி மரப்பிடியைச் சுருக்கி வெடிக்கச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு முன்னும் பின்னும் அலகை ஒருமுறை பார்வையிடுதல் நல்ல வழக்கம்.

மெருகேற்றல்

ஜப்பானில் அலகை மெருகேற்றுவது தனித் தொழிலாகும். இதனைச் செய்வோர் தொகிசி எனப்படுவர். முரடான கல்லில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய கற்களுக்குச் சென்று, இறுதியில் விரல்நுனியில் வைக்கும் மெல்லிய கற்சில்லுகளால் நிறைவு செய்வர். ஒவ்வொரு மெருகேற்றலிலும் எஃகு சிறிது குறைகிறது. ஆகையால் ஓர் அலகு தாங்கக்கூடிய மெருகேற்றல்களுக்கு எல்லை உண்டு.

எந்திரத்தில் செய்த வகை 95 அலகுக்கு இத்தகைய மெருகேற்றல் தேவையற்றது. அதன் மதிப்பு வண்ணம், எண், உறை ஆகியவை மாறாதிருப்பதிலேயே உள்ளது. மரபு அலகிலும் முதலில் வெட்டுவாயில் குறுக்கு வெடிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அகிரே எனப்படும் இவ்வெடிப்பு மெருகேற்றலால் சீராவதில்லை. நுனி உடைந்து தோய்ச்சல் வரி முழுவதும் போய்விட்ட அலகும் இத்தகையதே.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930 இல் தொடங்கப்பட்டது. பழைய உலோகப் பொருள்களின் பாதுகாப்பில் நீண்ட பட்டறிவு உள்ள இத்தகைய நிறுவனங்களிடம், எதையும் செய்யும் முன் கருத்துக் கேட்பது பயனுள்ளது.

சட்ட நிலை

இந்தியாவில் வாள் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2016 ஆம் ஆண்டின் விதிகளில் வாள், குத்துவாள் முதலியவை ஐந்தாம் பிரிவில் அடங்கும். நடுவண் அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் தேவை. இறக்குமதி, ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு உண்டு.

மேலும், 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே படைவாளின் உள்ளே பழைய அலகு இருப்பின், மெருகேற்றுவதற்காக ஜப்பானுக்கு அனுப்பும் முன்னரே இந்தியத் தொல்லியல் துறையை அணுக வேண்டும். ஜப்பானிலோ நிலை நேர்மாறானது. அங்கு 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி மரபு முறையில் செய்யப்பட்ட அலகுகளை மட்டுமே பதிவு செய்ய இயலும். ஆலை எஃகில் செய்த போர்க்கால அலகைப் பதிவு செய்யவோ வைத்திருக்கவோ இயலாது. அத்தகைய அலகைத் தவறுதலாக அங்கு அனுப்பினால் அது திரும்பி வராமலே போகக்கூடும்.

இவ்வாறு ஒரே அடிப்பகுதிச் சான்று, வாளின் வயதை மட்டுமன்றி, அதனை மெருகேற்றலாமா, எங்கு அனுப்பலாம், அனுப்பக் கூடாதா என்பவற்றையும் தீர்மானிக்கிறது. அச்சான்று ஒருமுறை தேய்த்து அழிக்கப்பட்டால் மீண்டும் பெற இயலாது.